ராமநாதபுரம் கிராமங்களில் வேலை உண்டாக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, திருவாடானை பக்கம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. மகளிர் குழுவில் இருப்பவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள், வளைகுடாவிலிருந்து கொஞ்சம் சேமிப்போடு ஊர் திரும்பியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மானிய விகிதமும் உச்சவரம்பும் அவ்வப்போது மாறும். விண்ணப்பம் போடும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மாவட்டம் பின்தங்கியே கிடப்பதற்கு மழை இல்லாததுதானே காரணம்?

பாதிக் காரணம். ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைத் தாண்டித்தான் இங்கே மழை பெய்கிறது. சிக்கல் என்னவென்றால், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வைகை இங்கே வந்து சேரும்போது அதில் தண்ணீர் இருந்தால் அதிசயம். அதனால்தான் முன்னோர்கள் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இன்றும் சொல்வார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையே பறக்கத் திணறும் அகலம், நாற்பத்தெட்டு மடை. அந்தக் கண்மாய்களில் வண்டல் ஏறி, தண்ணீர் நிற்கும் உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டி, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டுப் போனது வேறு கதை. கீழே அதற்கும் வருகிறேன்.

மறுபாதிக் காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. இங்கே விளைகிற எல்லாமே விளைந்த கோலத்திலேயே வண்டி ஏறிவிடுகிறது. மிளகாய் வத்தல் சாக்கில் போகிறது, கரி லாரியில் போகிறது, கடற்பாசி காய்ந்த சருகாகப் போகிறது. விலை வைப்பவர் வேறு ஊரில் இருக்கிறார். உற்பத்தி செய்தவரால் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் பொறுத்திருக்க முடியவில்லை; அறுவடை முடிந்த மறுநாளே கடன்காரர் வாசலில் நிற்கிறார். 2018-ல் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் இடம்பெற்றன. நம் ஊருக்குத் திட்டங்கள் வராமல் இல்லை. காத்திருக்கும் வலுவைத் தரும் திட்டங்கள்தான் குறைவு. இருக்கிற ஒன்றிரண்டும் பலருக்குத் தெரியாது.

பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

கமுதியைப் பாருங்கள். 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் உலகிலேயே பெரிது என்றார்கள். சுமார் 2,500 ஏக்கர். கட்டுமானம் நடந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். கட்டி முடிந்த பிறகு பலகையைத் துடைக்கக்கூட இயந்திரம்தான். சூரிய மின்சாரத்தின் இயல்பே அது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நிலமும் வெயிலும் நம்முடையதாக இருந்தால் மட்டும் வேலை வந்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன். தொழிற்சாலை வந்தால் வரட்டும், நல்லதுதான். அதை நம்பி உங்கள் ஊர்த் திட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியானால் எதில் தொடங்குவது?

ஏற்கெனவே ஊரில் கைப்பழக்கம் உள்ளதில். என்னைக் கேட்டால் முதல் இடம் மிளகாய்க்கு.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, பருவமழையிலேயே வளர்ந்து, தையிலிருந்து சித்திரை வரை பல பறிப்பு தரும். மானாவாரியாக இவ்வளவு பரப்பில் மிளகாய் போடும் பகுதி தமிழ்நாட்டில் வேறு இல்லை என்றே சொல்லலாம். புவிசார் குறியீட்டால் மட்டும் விலை ஏறிவிடாது; அதைப் பயன்படுத்தவே தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பலர் செய்யவில்லை.

பணம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க மாசி மாதம் ஏதாவது ஒரு கிராமச் சாலையில் நடந்து பாருங்கள். மிளகாய்ப் பழத்தைத் தார்ச்சாலை ஓரத்திலும் வெறும் மண்ணிலும் கொட்டிக் காயவைத்திருப்பார்கள். மாலையில் பனி இறங்கும். மூடத் தார்ப்பாய் இருக்காது. நாய், ஆடு, வண்டிப் புழுதி எல்லாம் அதன் மேல். நான்கைந்து நாளில் ஒரு பங்கு வெள்ளை விழுந்துவிடும். சரியாகக் காயாத வத்தலில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும். ஏற்றுமதிக்கு வாங்குபவர் பரிசோதனையில் முதலில் பார்ப்பது இதையும் பூச்சிமருந்து எச்சத்தையும்தான். ஈரப்பதம் 10 அல்லது 11 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால்தான் வத்தல் கிடங்கில் தாங்கும்.

ஆக, முதல் முதலீடு சிமென்ட் களம், தார்ப்பாய், முடிந்தால் சூரிய உலர்த்தி. உலர்த்திக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. அதற்கடுத்து தரம் பிரிப்பது, காம்பு கிள்ளுவது. இந்த இரண்டு வேலையையும் இங்கேயே செய்தால் பறிப்புக் காலம் முடிந்த பிறகும் பெண்களுக்குக் கூலி ஓடும். இப்போது அந்தக் கூலி வத்தல் போய்ச் சேரும் ஊர்களில் கொடுக்கப்படுகிறது.

முன்பணம் கொடுத்து வத்தலை வாங்கும் கமிஷன் கடைக்காரரை ஒதுக்கிவிட்டால் லாபம் முழுக்க நமக்குத்தானே?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டால் விஷயம் புரியும்.

“அண்ணாச்சி, போன வாரம் இதைவிடக் கூடப் போட்டிங்களே?”

“போன வாரம் சரக்கு கம்மி மாப்ள. இன்னிக்கு வண்டி வண்டியா வந்து கிடக்கு, பாக்குறீங்கள்ல. வேணுமின்னா திருப்பிக் கொண்டுபோங்க, நான் வேணாங்கல.”

திருப்பிக் கொண்டுபோக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். விதைக்கும் உரத்துக்கும், மகள் சடங்குக்கும் அவரிடம்தான் முன்பணம் வாங்கியிருக்கிறது. அதற்கு வட்டி என்று வாயால் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அது விலையில் கழியும், சாக்கு எடையில் கழியும், சாம்பிள் என்று அள்ளும் கையளவில் கழியும்.

ஆனால் அவரை வில்லனாக்கிப் பயனில்லை. நடுராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்டால் எந்த வங்கி மேலாளர் கதவைத் திறப்பார்? அவர் திறப்பார். அந்த இடத்தை நிரப்ப வேறு ஏற்பாடு செய்யாமல் அவரை ஒதுக்கச் சொல்லும் சங்கம் அடுத்த புரட்டாசியிலேயே உறுப்பினர்களை இழந்துவிடும். முதல் ஆண்டு விளைச்சலில் பாதியை அவரிடமே போடுங்கள், முன்பணம் அடையட்டும். மீதிப் பாதியைச் சங்கம் வழியாக நிறுத்திப் பாருங்கள்.

நிறுத்தி வைக்கச் சொல்கிறீர்கள். வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது?

பொருளீட்டுக் கடன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் வத்தலை வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் வாங்கலாம். 180 நாள் வரை நேரம் உண்டு. வட்டி 5 சதவீதம். ராமநாதபுரம் அருகே எட்டிவயலில் மிளகாய் வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன. சாதாரணக் கிடங்கில் நாளாக நாளாக வத்தலின் நிறம் மங்கும், குளிரில் நிறம் நிற்கும்.

பேச்சுக்கு ஒரு கணக்கு. கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ வைத்தால் மதிப்பு 1,50,000, கடன் 1,12,500. ஆறு மாத வட்டி சுமார் 2,800 ரூபாய். அதாவது கிலோவுக்கு மூன்று ரூபாய்க்கும் கீழே. அதோடு கிடங்கு வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி சேரும். விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினாலே போட்ட செலவு போக மிஞ்சும். கடையில் முன்பணத்துக்காகக் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துப் போட்டால் அதே ஆயிரம் கிலோவில் பத்தாயிரம் போய்விடுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வைத்தால் விலை ஏறியே தீரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆந்திராவில் குண்டூர் பக்கம் அமோக விளைச்சல் வந்தால் இங்கே விலை சரியும். ஆகவே முழுவதையும் வைத்துச் சூதாட வேண்டாம். பாதியை விற்றுவிட்டுப் பாதியை வையுங்கள். பொருளீட்டுக் கடனில் பெரிய லாபம் விலையேற்றம்கூட இல்லை; ‘திருப்பிக் கொண்டுபோங்க’ என்றால் நிஜமாகவே திருப்பிக் கொண்டுபோக முடிவதுதான்.

மகளிர் குழு சேர்ந்து மசாலாப் பொடி போட்டால்?

வேண்டாம் என்பது என் கருத்து. குறைந்தபட்சம் முதல் தொழிலாக வேண்டாம். மாநிலம் முழுக்க ஊருக்கு நாலு குழு சாம்பார்ப் பொடியும் இட்லிப் பொடியும் போடுகிறது. கண்காட்சியில் விற்கும், அதிகாரி வந்தால் விற்கும், மறுவாரம் யார் வாங்குவார்கள்? பெரிய நிறுவனங்களின் ஐந்து ரூபாய் பாக்கெட்டோடு விலையில் மோத முடியாது. காம்பு நீக்கித் தரம் பிரித்த முழு வத்தலை மூட்டையாக வாங்க ஓட்டல்காரர்கள், மசாலா நிறுவனங்கள், ஊறுகாய் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் இறங்குங்கள். பொடி பிறகு பார்க்கலாம்.

சீமைக் கருவேலத்தை ஒழிக்கச் சொல்கிறார்கள். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் என்ன ஆவது?

நியாயமான கேள்வி. நிலத்தடி நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுத்த மரம்தான். உயர்நீதிமன்றம் அகற்றச் சொன்னது, 2022-ல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அதே மரம்தான் வானம் பொய்த்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்துக்குச் சோறு போட்டது. வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, தீ வைத்து, காற்று புகும் ஓட்டைகளை இரவும் பகலும் கவனித்து, சில நாள் கழித்து ஆறவிட்டுப் பிரிப்பது கடும் உழைப்பு. மூட்டத்தில் ஓட்டை விழுந்து கவனிக்காமல் விட்டால் விடியும்போது சாம்பல்தான் மிஞ்சும். புகையில் நெஞ்சு கெடும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: கண்மாய் உள்வாய், வரத்துக்கால், நீர்நிலை ஓரங்களில் வேரோடு எடுத்தே ஆக வேண்டும். தரிசுப் பட்டாக்களில் இருப்பதை ஒரே மூச்சில் அழிக்காமல், வெட்டிய இடத்தில் அந்தந்த ஆண்டே வேறு ஏதாவது ஊன்றிவிட்டு நகர வேண்டும். வேரை எடுக்காமல் வெட்டினால் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மரம் வெட்ட ஏலம் எடுத்தவருக்கு அது வசதி, ஊருக்கு நட்டம். ஏலத்தை வெளியூர் ஆளுக்கு விடாமல், உள்ளூர் மூட்டம் போடுபவர்கள் சங்கமாகச் சேர்ந்து எடுத்தால் மரமும் போகும், கூலியும் ஊரிலேயே தங்கும்.

காய்களை ஆடு விரும்பித் தின்னும் என்பது உபரித் தகவல். தின்ற ஆடே விதையையும் பரப்பும்.

பனையில் இனி வருமானம் இருக்கிறதா?

சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் இருக்கிறது. மரம் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது, ஏற ஆள் இல்லை. ஏறுபவர்களின் பிள்ளைகள் ஏறமாட்டார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். சர்க்கரை கலந்த கருப்பட்டி சந்தையில் பாதி விலைக்குக் கிடைப்பதால் அசல் காய்ச்சுபவர் தோற்கிறார். கலப்படம் இல்லை என்று வாங்குபவர் நம்பும்படி ஒரு பெயரை நிலைநாட்டினால் தவிர இதில் இறங்க வேண்டாம். அப்படி நிலைநாட்ட நாலைந்து பருவமாவது ஆகும்.

கடற்பாசி வளர்ப்பு பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்களே?

பேசத் தகுந்ததுதான். பாம்பன், மண்டபம், ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாகக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாசி எடுத்தவர்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவான பிறகு தீவோரத்தில் எடுப்பது வனத்துறையோடு தீராத வழக்காகிவிட்டது. மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி அதற்கு ஒரு மாற்றாக வந்தது.

12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாகக் கட்டி மிதக்கவிட்டால் 45 நாளில் அறுவடை. காயவைத்து விற்றால் அதிலிருந்து கராஜீனன் என்ற கூழ்மப் பொருள் எடுப்பார்கள். ஐஸ்கிரீம், பற்பசை, மருந்து என்று அதற்குப் பல பயன். மத்திய மீன்வளத் திட்டத்தில் மிதவைக்கு மானியம் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40. வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

கணக்குப் போடும்போது எல்லாரும் 45 நாளை வைத்து ஆண்டுக்கு எட்டு அறுவடை என்று பெருக்கிவிடுகிறார்கள். அது காகிதத்தில்தான். பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மிதவை நிற்காது. கோடையில் நீர் சூடேறினால் பாசி வெளுத்து அழுகும். ஓரா மீன் கூட்டம் புகுந்தால் மேய்ந்துவிடும். அதற்காகத்தான் அடியில் வலை கட்டுவது. ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் விதைப்பாசி திரும்ப வாங்க வேண்டும். இன்னொன்று: இது வெளிநாட்டுப் பாசி. குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்தது பற்றி ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அனுமதித்த இடத்தில் மட்டும் போடுங்கள்.

வாங்குபவர் எத்தனை பேர் என்று முதலில் விசாரியுங்கள். ஒரே ஒரு கம்பெனி என்றால் அதுவும் கமிஷன் கடை மாதிரிதான்.

மகளிர் குழுவா, உற்பத்தியாளர் நிறுவனமா, தனியாளாகத் தொடங்குவதா?

சேர்ந்து விற்பதற்குத்தான் சங்கம். சேர்ந்து உற்பத்தி செய்வது பெரும்பாலும் சண்டையில் முடியும். ஒரு மாவு மில்லைப் பன்னிரண்டு பேர் நடத்தினால் பதின்மூன்று சாவி வேண்டியிருக்கும்.

மகளிர் குழு நமக்குப் புதிது இல்லை. தமிழ்நாட்டில் இது 1989-ல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, பிறகு ராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது. 1997-98ல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க வந்தது. சேமிப்பு, அவசரக் கடன் ஆகியவற்றுக்கு இதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை. குழுவுக்கு 10 லட்சம் வரை வங்கிக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. கமிஷன் கடையின் நடுராத்திரி வேலையை ஓரளவு செய்யக்கூடியது இந்தக் குழுதான்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது. பத்து உற்பத்தியாளர் இருந்தால் பதிவு செய்யலாம். இயக்குநர்கள் குறைந்தது ஐந்து பேர். 2020-ல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் சேரச் சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். மூன்று ஆண்டுக்கு நிர்வாகச் செலவாக 18 லட்சம் வரை கிடைத்தது. உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை அரசும் போட்டது. நான்காம் ஆண்டில் தலைமைச் செயல் அலுவலர் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கு முதல் நாளே பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத நிறுவனங்கள் பெயர்ப் பலகையோடு நிற்கின்றன. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யாவிட்டால் அபராதமும் ஏறும்.

தனியாளாக ஒருவர் களமோ உலர்த்தியோ போட்டு, சங்கத்துக்குக் கூலிக்குக் காயவைத்துக் கொடுப்பதுகூட நல்ல ஏற்பாடு. எல்லாவற்றையும் சங்கமே சொந்தமாக வைத்திருக்க வேண்டியதில்லை.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் கையில் வருமா?

கையில் வராது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பேர் ஏமாந்ததாக நினைக்கிறார்கள்.

கிராமத்தில் பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு 35 சதவீதம், மற்றவர்களுக்கு 25. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. ஒரு பெண் பத்து லட்சத்துக்கு வத்தல் தரம் பிரிக்கும் யூனிட் போடுகிறார் என்றால் அவர் கையிலிருந்து 50,000 போட வேண்டும். வங்கி 9.5 லட்சம் கடன் தரும். மானியம் 3.5 லட்சம் வங்கியில் அவர் பெயரில் தனிக் கணக்கில் மூன்று ஆண்டு கிடக்கும். அந்தத் தொகை அளவுக்குக் கடன்மேல் வட்டி கிடையாது. மூன்று ஆண்டு தொழில் ஓடினால் அது கடனில் கழியும். இடையில் மூடினால் மானியம் திரும்பிப் போய்விடும்.

புதிய தொழிலுக்கு மட்டும்தான். பழைய கடைக்குப் புதுப் பெயர் வைத்தால் ஆய்வில் மாட்டும். திட்டத்தை 2025-26 வரை நீட்டித்திருந்தார்கள்; அதற்குப் பிறகான விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

திட்ட அறிக்கையில் எல்லாரும் இயந்திரத்தின் விலையை எழுதுகிறார்கள். நடைமுறை மூலதனத்தை மறந்துவிடுகிறார்கள். மாசியில் வத்தல் வாங்கி ஆவணியில் விற்பவருக்கு அந்த ஆறு மாதப் பணம்தான் தொழிலே. இயந்திரம் பளபளவென்று நிற்க, சரக்கு வாங்கக் காசில்லாமல் மூடிய யூனிட்டுகள் உண்டு.

வாரத் தவணை நுண்கடன் வாங்கித் தொடங்கலாமா?

கூடாது. பருவத்துக்கு ஒருமுறை வரும் வருமானத்தை வைத்து வாரா வாரம் கட்ட முடியாது. மாடு கறவையில் இருந்தால் மட்டும் ஓரளவு ஒத்துவரும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்கு வருபவரிடம் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

நூறு நாள் வேலையால்தான் விவசாய வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறார்களே?

காட்டில் வேலையே இல்லாத மாதங்கள் இங்கே அதிகம். சித்திரையிலிருந்து ஆடி வரை வயலில் என்ன வேலை இருக்கிறது? 2005 சட்டத்தில் வந்த அந்தக் கூலி இல்லாமல் இருந்தால் இன்னும் பல வீடு பூட்டிக் கிடந்திருக்கும். திட்டத்தின் பெயரும் நாள் கணக்கும் மாறலாம். கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கூலியில் எதை வெட்டினோம் என்பது. சாலையோரப் புல்லைச் செதுக்கினால் அடுத்த மழையில் திரும்ப முளைக்கும். வரத்துக்காலைத் தூர்வாரினால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் மிளகாய்க்குக் கடைசித் தண்ணீர் கிடைக்கும். அந்த ஒரு தண்ணீரில் கூடுதலாக ஒரு பறிப்பு வரும். எந்த வேலை என்பதைக் கிராம சபையில்தான் எழுதுகிறார்கள். போய் உட்காருங்கள்.

தையல் பயிற்சி கொடுத்தால் பெண்களுக்கு வேலை கிடைக்குமா?

ஏற்கெனவே ஊரில் எத்தனை பேருக்குத் தையல் தெரியும், எத்தனை மெஷின் தூசி படிந்து கிடக்கிறது என்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் இலவசப் பயிற்சி, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் உண்டு. குளிர்சாதனப் பழுது, பைக் மெக்கானிக், ஆடு வளர்ப்பு என்று வேறு பாடங்களும் நடக்கின்றன. பரமக்குடி, எமனேஸ்வரம் போல நெசவு ஏற்கெனவே வேரூன்றிய இடங்களில் தையலும் அதோடு சேர்ந்து பிழைக்கலாம்.

சவுதியிலிருந்து ஐந்து லட்சத்தோடு வந்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

வீடு கட்டி முடித்துவிட்டீர்களா? இல்லையென்றால் அந்தப் பணம் வீட்டுக்குத்தான் போகும்; யார் சொல்லியும் கேட்கப் போவதில்லை. முடித்திருந்தால் முதல் ஆண்டு இரண்டு லட்சத்துக்கு மேல் இறக்காதீர்கள். ஆட்டுப்பண்ணை என்றால் ஐம்பது குட்டி வாங்கிக் கொட்டகையில் அடைக்க வேண்டாம். ராமநாதபுரம் வெள்ளை போன்ற உள்ளூர்ச் செம்மறியில் பத்து உருப்படி வாங்கி, கிடை போட்டுப் பழகியவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். யூடியூப்பில் லாபக் கணக்குச் சொல்பவர் துள்ளுமாரி நோய் வந்த வாரத்தைக் காட்டமாட்டார்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு எவ்வளவு கட்டணம்?

இலவசம். இரண்டாயிரம் கேட்கும் ஆளிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உணவுப் பொருள் என்றால் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் வரை உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பாக்கெட்டில் எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி கட்டாயம்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

தையில் வத்தல் வரும்போது களம் தயாராக இருக்க வேண்டும். சிமென்ட் போடுவதை மழைக்கு முன் முடிக்க வேண்டும். அதாவது ஆவணிக்குள் வேலை நடந்தாக வேண்டும். வங்கியில் கடன் அனுமதியாக இரண்டு, மூன்று மாதம் இழுக்கும் என்றால் விண்ணப்பம் வைகாசியில் போயிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான குழுக்கள் மாசியில், விலை விழுந்த பிறகுதான் கூட்டம் போடுகின்றன. சித்திரைக் கடைசிப் பறிப்பு முடிந்த கையோடு, போட்ட சீட்டும் கழித்த கணக்கும் கையில் இருக்கும்போதே முதல் கூட்டத்தைப் போட்டுவிடுங்கள். வருகிறவர்கள் கமிஷன் கடைச் சீட்டைக் கொண்டுவரட்டும். சாக்குக் கழிவு எவ்வளவு, சாம்பிள் எவ்வளவு என்று பத்துப் பேர் சீட்டை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் களத்துக்கு வேண்டிய பணம் எத்தனை பருவத்தில் திரும்பும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.